ஒருத்தர் மட்டும் விழுந்தால்...

என் தம்பி ஜெரால்டு நாற்காலியோடு சரிந்து விழுந்தபோது, பந்தலில் இருந்தவர்கள் முதலில் கேட்டது 'என்னாச்சு?' என்று அல்ல.

"காத்து எந்தப் பக்கம்?"

எண்ணூர்க்காரர்கள் இதைப் படித்தால் சிரிக்க மாட்டார்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நான் பிறந்து வளர்ந்தது எண்ணூர், வாழ்க்கைப்பட்டது ராயபுரம். எண்ணூரில் ஆலை அதிகம், குழாய் அதிகம், சாம்பல் அதிகம். சில நாள் திடீரென்று ஒரு நெடி வரும். தொண்டை கரிக்கும், கண் எரியும். உடனே ஈரத்துணியை மூக்கில் வைத்துக்கொண்டு, காற்று எங்கிருந்து அடிக்கிறது என்று பார்த்து, அதிலிருந்து விலகி ஓட வேண்டும். அங்கே பிள்ளைகள் 'அ, ஆ' எழுதும் முன்பே இதைக் கற்றுக்கொண்டுவிடும். ஆகவே எண்ணூரில் ஒருவர் மயங்கி விழுந்தால் அது ஆலையிலிருந்து கசிந்த கேஸ்தான். வேறு விசாரணையே கிடையாது!

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஜெரால்டின் மகள் ஜெனிக்குப் புதுநன்மை, அதாவது முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். காலையில் கோயிலில் பூசை, மதியம் வீட்டு வாசலில் பந்தல் போட்டு பிரியாணி. வெள்ளை கவுன் போட்ட ஜெனி, அதில் குழம்பு படாமல் சாப்பிடுவது எப்படி என்ற கவலையில் இருந்தாள். ஜெரால்டு சொந்தக்காரர்கள் நடுவில் உட்கார்ந்து யாரையோ கிண்டல் செய்துகொண்டிருந்தான். கிண்டல் பாதியில் நின்றது. அவ்வளவுதான். நெஞ்சைப் பிடிக்கவில்லை, 'தலை சுத்துது' என்று சொல்லவில்லை. மேஜை முனையில் நெற்றி இடித்து, ரத்தத்தோடு தரையில் கிடந்தான்.

"கேஸ்பா! கேஸு வுட்டுட்டானுங்க!"

யாரோ கத்தியதுதான் தாமதம். பந்தலே எழுந்துவிட்டது. கை துடைக்க வைத்திருந்த துண்டெல்லாம் தண்ணீரில் நனைந்து மூக்குக்கு ஏறின. "ஆமா, வாட வர்து... எனக்கு அப்பவே வந்துச்சு" என்று ஆளாளுக்குச் சாட்சி சொன்னார்கள். இதில் வெட்கக்கேடு என்ன தெரியுமா? எனக்கும் வந்தது! சத்தியமாக அந்த நெடி என் மூக்கில் ஏறியது. பயம் வந்துவிட்டால் மூக்குகூட ஊரோடு ஒத்து வாழ ஆரம்பித்துவிடுகிறது.

டில்லி பைக்கைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றான். டில்லி பக்கத்து வீடு, ஜெரால்டின் தோஸ்து. இருவருக்கும் ஒரே கண்டெய்னர் யார்டில் வேலை. ஜெரால்டு உயரத்தில் கேபினில் உட்கார்ந்து க்ரேன் ஓட்டுகிறவன். டில்லி கீழே நின்று, லாரியில் இறங்கும் பெட்டிக்கு லாக் மாட்டுகிறவன்.

"தூக்கு நைனா, நடுவுல குந்த வை!"

மயங்கிக் கிடந்தவனைத் தூக்கி பைக்கில் நிமிர்த்தி உட்கார வைத்து, பின்னால் ஒருவர் அணைத்துப் பிடித்துக்கொள்ள, அவன் முகத்தில் ஈரத்துண்டைச் சுற்றி... கிளம்பிவிட்டார்கள். எங்கே? கிட்டத்தில் இருக்கும் ஆஸ்பத்திரி வடக்குப் பக்கம். காற்றும் வடக்கிலிருந்து. ஆகவே வண்டி தெற்கே பறந்தது! ஆஸ்பத்திரியை விட்டு விலகி ஓடுகிறோம் என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. நாங்கள் நெடியிலிருந்து தப்பித்துக்கொண்டிருந்தோம்.

பின்னால் ஆட்டோவில் நானும் ஜெரால்டின் மனைவி ஸ்டெல்லாவும். முன்னால் கண்டெய்னர் லாரிகள் வரிசை. அந்த ரோட்டில் ஞாயிறும் கிடையாது, திங்களும் கிடையாது, லாரிதான். பைக் இடுக்கில் நுழைந்து மறைந்துவிட்டது. ஆட்டோ நின்றுவிட்டது. ஸ்டெல்லா ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் வார்த்தை மறந்துபோய் என்னைப் பார்த்தாள்.

"அண்ணி, அவரு மூச்சு வுட்டாரா? நீங்க பாத்தீங்களா?"

நான் பார்க்கவில்லை. ஆனால், "வுட்டான்... நான் பாத்தேன்" என்றேன்.

திருவொற்றியூர் வந்தபோது பைக் ஓரமாக நின்றிருந்தது. இறங்கி ஓடினால்... துண்டை உருவிக் கையில் வைத்துக்கொண்டு ஜெரால்டு திட்டிக்கொண்டிருக்கிறான்!

"டேய், மூஞ்சில இன்னாத்துக்குடா துணிய சுத்திகினு வர்ற? எனக்கு ஒண்ணியும் இல்ல. வண்டிய திருப்பு. சொந்தக்காரன்லாம் வூட்ல கீறான்."

எங்களுக்கு வந்த சந்தோஷத்தில் உண்மையாகவே வண்டியைத் திருப்பியிருப்போம். நெற்றியிலிருந்து ரத்தம் நிற்காததால்தான் அங்கிருந்த ஆஸ்பத்திரிக்குப் போனோம். தையல் போடத்தான் போனோம். அந்த மேஜை முனைக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

தையல் போட்டார்கள், ஈ.சி.ஜி. எடுத்தார்கள். அதில் ஏதோ கோடு சரியில்லை என்று இதய டாக்டரிடம் அனுப்பினார்கள். அந்த அம்மா கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

"என்ன ஆச்சு?"

"கேஸ் அடிச்சிடுச்சு மேடம்" - நான்கு குரலும் ஒன்றாக.

"அப்படியா? பந்தல்ல எவ்வளவு பேர் இருந்தீங்க?"

"அது கீது மேடம், ஒரு தெருவே" என்றான் டில்லி.

"வேற யார் மயங்கினாங்க?"

டில்லி தலையைச் சொறிந்தான்.

"குழந்தைங்க? வயசானவங்க? யாருக்காவது இருமல், கண் எரிச்சல்?"

நான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். ஸ்டெல்லா டில்லியைப் பார்த்தாள்.

"காத்து எல்லாருக்கும் பொதுதானே? ஒருத்தர் மட்டும் விழுந்தா, காரணத்தைக் காத்துல தேடக் கூடாது. அவர்கிட்டதான் தேடணும்."

இவ்வளவு சின்ன விஷயம்! ஒரு பந்தல் ஜனத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதுவரை கேஸ் என்ற பெயரில் எனக்கு ஒரு தைரியம் இருந்திருக்கிறது. கேஸ் என்றால் காற்று மாறினால் போய்விடும். இது எங்கே போகும்?

"இதுக்கு முன்னாடி மயக்கம் வந்திருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல மேடம்" என்றான் ஜெரால்டு. யோசிக்கக்கூட இல்லை.

நான் மயக்கத்தில் அனுபவசாலி என்று இங்கே சொல்லியாக வேண்டும். ஊசியைப் பார்த்தால் விழுவேன். பெரிய வெள்ளியன்று கோயிலில் இயேசு பட்ட பாடுகளை வாசித்து முடிக்கும்வரை நின்றுகொண்டிருக்கும்போது விழுவேன். 'நானெல்லாம் நல்லாத்தானே இருக்கிறேன், இவனுக்கு மட்டும் என்ன?' என்று டாக்டரம்மாவிடம் கேட்டேவிட்டேன்.

"விழறதுக்கு முன்னாடி உங்களுக்கு என்ன ஆகும்?" என்றார்.

வேர்க்கும். காது அடைக்கும். கண் முன்னால் பூச்சி பறக்கும். கோயில் தூரத்தில் போய்விட்ட மாதிரி இருக்கும்.

"அதான் வித்தியாசம். உங்க உடம்பு சொல்லிட்டு விழுது. ரொம்ப நேரம் நின்னா, பயந்தா, ரத்தம் பார்த்தா, நரம்பு கொஞ்சம் அவசரப்பட்டு நாடியையும் பி.பி.யையும் சட்டுன்னு இறக்கிடும். விழுந்ததும் ரத்தம் தலைக்கு வந்துடும், எழுந்துடுவீங்க. பெரும்பாலும் பயப்பட வேண்டாத மயக்கம் இதுதான். காது அடைக்கும்போதே உட்காருங்க, முடிஞ்சா படுத்துக் காலைத் தூக்கி வைங்க. கையையும் தொடையையும் இறுக்கிப் பிடிங்க. தண்ணி நிறையக் குடிங்க. பாதிப் பேருக்கு மாத்திரையே தேவைப்படாது."

இன்னொரு ரகம் என் வீட்டிலேயே இருக்கிறது. என் கணவர் பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர். கட்டிலிலிருந்து சடாரென்று எழுந்தால் சுவரைப் பிடிப்பார். எழும்போது பி.பி. இறங்கிவிடுவதால் வருவது அது. மெதுவாக எழ வேண்டும், மாத்திரை அளவை டாக்டரிடம் காட்டிச் சரிசெய்ய வேண்டும். தானாக நிறுத்தினால் அது வேறு வினை.

"ஆனா உங்க தம்பி உட்கார்ந்திருக்கும்போது, பேசிக்கிட்டிருக்கும்போது, எந்த அறிகுறியும் இல்லாம விழுந்திருக்கார். எனக்கு அது பிடிக்கலை" என்றார்.

எனக்கு அதைவிடப் பிடிக்கவில்லை. டாக்டர்கள் 'பிடிக்கலை' என்று சொல்லக் கூடாது என்று ஒரு சட்டம் கொண்டுவந்தால் தேவலை.

வார்டில் சேர்த்தார்கள். நெஞ்சில் ஒயர் ஒட்டினார்கள், தலைமாட்டில் மானிட்டர். பச்சைக் கோடு துள்ளித் துள்ளி ஓடியது. ரத்தப் பரிசோதனை, எக்கோ எல்லாம் நல்லபடியாக வந்தன. வந்தவர்கள் எல்லோரும், "அட்டாக்கா? ஸ்டென்ட் வெச்சாங்களா?" என்று கேட்டார்கள். நம் ஊரில் இதயம் என்றால் அட்டாக், அட்டாக் என்றால் ஸ்டென்ட். ஜெரால்டு எல்லோருக்கும், "ஒண்ணியும் இல்லப்பா, செக்கப்பு" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கே கொஞ்சம் தைரியம் வந்துவிட்டது. கோட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, நாளைக்கு வரச்சொல்ல கொஞ்சம் நெத்திலி..."

சொல்லிக்கொண்டே இருந்தவன் நிறுத்திவிட்டான். நான் நிமிர்ந்தேன். கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. மானிட்டர் அலறியது. பச்சைக் கோட்டில் துள்ளல் இல்லை... சும்மா, நேராக, ஓடிக்கொண்டிருந்தது. நான் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினேன் என்று ஸ்டெல்லா பிறகு சொன்னாள். எனக்கு என் குரல் கேட்கவில்லை. நர்ஸ் ஓடிவந்து அவன் தலையணையை உருவிப் படுக்க வைத்து, நெஞ்சில் கை வைப்பதற்குள்... ஒரு துள்ளல். இன்னொன்று. அவன் முகம் குப்பென்று சிவந்தது.

"...வறுத்து எடுத்துகினு வா" என்றான். பிறகு என்னைப் பார்த்து, "ஏங்க்கா அயுவுற?" என்றான்.

அவனுக்குத் தெரியவே இல்லை! நடுவில் ஒரு சின்னச் சாவு வந்துவிட்டுப் போனதை அவனைத் தவிர அந்த வார்டே பார்த்துவிட்டது.

டாக்டரம்மா அந்தக் கோடு பதிந்த காகிதத்தை விரித்து எங்களுக்குக் காட்டினார். "மோட்டார் நல்லா இருக்கு. குழாயிலயும் அடைப்பு மாதிரி தெரியலை. கரண்ட்தான் விட்டு விட்டு வருது. இதயம் துடிக்கறதுக்கு மேலேருந்து ஒரு மின்சாரம் கீழே இறங்கணும். அது நடுவுல அறுந்து போகுது. இதுக்கு பேஸ்மேக்கர்தான் வழி. தள்ளிப்போட முடியாது." சிலருக்கு இதற்கு நேர்மாறாக இதயம் கண்டபடி வேகமெடுத்தும் மயக்கம் வருமாம். அதற்கு மாத்திரை உண்டு. உள்ளே ஒயர் விட்டு, கோளாறு செய்கிற இடத்தை மட்டும் சுட்டுவிடுகிற சிகிச்சை உண்டு. ரொம்ப ஆபத்தான ரகத்துக்கு, உள்ளிருந்தே ஷாக் கொடுக்கும் கருவி. படியேறும்போதோ வேலை செய்யும்போதோ மயக்கம் வந்தால் வால்வு சுருங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார். எல்லா மயக்கத்துக்கும் சோடா குடித்து வளர்ந்த எங்களுக்கு, இவ்வளவு இருக்கிறது என்பதே அன்றுதான் தெரிந்தது.

அன்றே, இதயம் மறுபடி நிற்காமலிருக்க, கழுத்து நரம்பு வழியாகத் தற்காலிகமாக ஒரு ஒயரை வைத்தார்கள். நிரந்தரமாக வைக்கச் சம்மதம் கேட்டபோது ஜெரால்டு தலையை ஆட்டினான். வேண்டாம் என்று.

"மாத்திர குட்த்து அனுப்பச் சொல்லுக்கா."

"மாத்திரையில சரியாவாதுன்னு சொல்றாங்களேடா!"

"மெஷின் வெச்சவன எவன் க்ரேன்ல ஏத்துவான்? கீய குந்தவெச்சி கேட்டுல டோக்கன் குடுக்கச் சொல்வான். அத்தினி வருசம் மேல குந்தினவன்கா நானு."

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. பயந்தவளுக்குக் கோபம் சீக்கிரம் வரும். "கீழ உக்கார்றதுதான் உனக்குப் பிரச்சனையா? ஒரேயடியா மேல போயிட்டா பரவால்லியா? ஜெனிய யார் பாப்பா?" என்று கத்தினேன். வார்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்டெல்லா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். வாசலில் நின்றிருந்த டில்லி, "டீ வாங்கியாரேன்கா" என்று நகர்ந்தான்.

அவன் போகும் வரை ஜெரால்டு அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்.

"இது மொதல் வாட்டி இல்லக்கா."

முதல் முறை யார்டு கேன்டீனில். வெயில் என்று சொல்லிவிட்டான். அடுத்தது வீட்டில், குளிக்கும்போது. நெடி என்று ஸ்டெல்லாவிடம் சொல்லிவிட்டான். அவளும் நம்பிவிட்டாள். எண்ணூரில் அதை நம்பாமல் வேறு எதை நம்புவது?

"அப்புறம்... மேல. கேபின்ல."

நான் நாற்காலியை அவன் பக்கத்தில் இழுத்துப் போட்டேன்.

"கண்ணத் தெறந்தா கை லீவர்ல இல்ல. கை வுட்டா க்ரேன் தானா நின்னுக்கும்கா, அதனால நின்னுகினு இருந்துச்சி. பொட்டி அந்தரத்துல தொங்கிகினு கீது. இன்னா ஆச்சின்னே எனக்குப் புர்ல. கீய எட்டிப் பாத்தேன்."

"கீழ யாருடா இருந்தா?"

ஜெரால்டு, டில்லி டீ வாங்கப் போன வாசலைப் பார்த்தான்.

"எறக்கு மாமுன்னு கை காட்னான். எறக்கிட்டேன். அவங்கிட்ட சொல்லவே இல்லக்கா. சொன்னா அவன் பயந்துடுவான், ஆபீசுக்குத் தெர்ஞ்சிடும்னு..." என் தம்பி, மீசை நரைக்க ஆரம்பித்தவன், உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதான். அவன் அழுது நான் பார்த்தது எங்கள் அப்பா சாவில்தான்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு அவனாகவே, "அந்த டாக்டரம்மாவக் கூப்புடு" என்றான்.

மறுநாள் வைத்தார்கள். நெஞ்சைப் பிளப்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன். இல்லை. தோள்பட்டை எலும்புக்குக் கீழே சின்னதாகக் கீறி, நரம்பு வழியாக ஒயரை இதயத்துக்கு அனுப்பி, தீப்பெட்டி அளவு கருவியைத் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்துவிட்டார்கள். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்ததால், உள்ளே இருந்தபோதே டாக்டரிடம் பேசிக்கொண்டிருந்தானாம். இதயம் தானாகத் துடித்தால் கருவி சும்மா இருக்கும். மறந்துவிட்டால் தட்டி எழுப்பும்.

பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு பயத்தைப் பழத்தோடு சேர்த்துக் கொண்டுவந்தார்கள். செல்போன் பேசக் கூடாதாம், மிக்ஸி கிட்டே போகக் கூடாதாம், பேட்டரி தீர்ந்தால் ஆள் காலியாம்! நான் அத்தனையையும் டாக்டரம்மாவிடம் ஒப்பித்தேன். செல்போனைக் கருவி இருக்கும் பக்கத்துச் சட்டைப் பையில் வைக்காமல் மற்றக் காதில் பேசினால் போதும். மிக்ஸி பிரச்சனை இல்லை. பேட்டரி பல வருஷம் வரும், செக்கப்புக்குப் போனால் முன்னாடியே தெரியும். பெரிய காந்தம், வெல்டிங், ஸ்கேன் மட்டும் கேட்டுவிட்டுத்தான். "க்ரேன்?" என்று ஜெரால்டு கேட்டான். "இப்போதைக்குக் கீழே. அப்புறம் உங்க கம்பெனி டாக்டரோட பேசி முடிவு பண்ணலாம்" என்றார். அவன் முகம் விழுந்துவிட்டது. ஆனால் தலையாட்டினான்.

அந்த அம்மா என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு ஒரு திட்டு திட்டினார். "மயங்கினவரை பைக்ல உட்கார வெச்சுக் கூட்டிட்டு வந்தீங்களாமே? அவர் பிழைச்சது உங்க அதிர்ஷ்டம். மயங்கினவரைப் படுக்க வைக்கணும். மூச்சு இருக்கான்னு பாக்கணும். இருந்தா காலைத் தூக்கிப் பிடிங்க, வாயில தண்ணி ஊத்தாதீங்க. மூச்சு இல்லேன்னா நெஞ்சு நடுவுல கை வெச்சு வேகமா, ஆழமா அமுக்கிக்கிட்டே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. மூஞ்சியில துணியை மட்டும் சுத்தாதீங்க தாயே!"

வீட்டுக்கு வந்த பிறகு ஜெரால்டு டில்லியைக் கூப்பிட்டு உட்கார வைத்தான். கேபினில் நடந்ததை அவனே சொன்னான். நான் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். டில்லி திட்டுவான், இல்லை அடிப்பான் என்று பயந்தேன். அவன் ஒன்றும் செய்யவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி மாமு, ரெஸ்ட் எடு" என்று எழுந்து போய்விட்டான். சிநேகம் போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலை, ராயபுரத்தில் என் வீட்டு போன் அடித்தது. டில்லி.

"அக்கா... அந்த டாக்டரம்மா எப்பக்கா இருப்பாங்க?"

"ஏம்பா? ஜெரால்டுக்கு எதாவது...?"

"அவன் நல்லா கீறான்கா." குரலை இறக்கினான். "எனக்குத்தான். யார்டுல நிக்கச் சொல்ல ரெண்டு மூணு வாட்டி கண்ணு இருட்டிகினு வந்துச்சு. ஒரு வாட்டி விழுந்துட்டேன். ஜெரால்டுக்குக்கூட தெரியாது."

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று நான் அவனைக் கேட்கவில்லை. அவனுக்கும் அதே யார்டில்தானே வேலை. மயங்கி விழுகிறவனை அங்கே யார் வைத்துக்கொள்வார்கள்?